நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம்

கல்யாண வீடு, ரயில், பள்ளிக்கூட வாசல், எங்கே போனாலும் எங்கள் மகளைப் பார்த்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இவளை யாருங்க பாத்துக்கறது?" "நாங்க ரெண்டு பேருந்தான்" என்பார் என் கணவர். கேட்டவர் தலையாட்டிவிட்டு, அடுத்த கேள்வியிலிருந்து என் பக்கம் திரும்பிக்கொள்வார். என்ன சாப்பிடுவாள், ராத்திரி தூங்குவாளா, ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகிறீர்கள், எல்லாம் என்னிடம்தான். கணவர் சொன்ன பதிலை ஒரு மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த 'ரெண்டு பேரும்' எங்கள் வீட்டில் எப்படி உண்டாயிற்று, பல வீடுகளில் ஏன் உண்டாகாமலே போகிறது என்று எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. ஸ்பைனா பிஃபிடாவோடு பிறந்தவள். கரு உண்டாகி 28 நாட்களுக்குள் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடிப்படையான நரம்புக் குழாய் மூடிக்கொள்ள வேண்டும். இவளுக்கு இடுப்புக்கு மேலே கொஞ்சம் இடம் மூடாமல் நின்றுவிட்டது. நாள் தள்ளிப்போனது தெரிந்து, சோதித்துப் பார்த்து, டாக்டரிடம் போய் நிற்பதற்குள் பெரும்பாலும் அந்த 28 நாட்கள் கடந்துவிடுகின்றன. ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பிருந்தே சாப்பிட வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். இப்படி ஒரு குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்மார்களுக்கு அடுத்த குழந்தைக்கும் அது வருவது அந்த மாத்திரையால் 72 சதவீதம் குறைந்தது என்று 1991-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு காட்டியது. நம் ஊரில் ஃபோலிக் அமிலம் சேர்ந்த இரும்புச்சத்து மாத்திரை அட்டை கையில் கிடைக்கும்போது கர்ப்பத்தில் மூன்று மாதம் முடிந்திருக்கும்.

இதெல்லாம் நான் பிறகு தெரிந்துகொண்டது. குழந்தை பிறந்த வாரத்தில் எனக்குக் கிடைத்தவை வேறு கேள்விகள். கிரகணத்தன்று வெளியே போனாயா? பப்பாளி தின்றாயா? வண்டியில் போகாதே என்று சொன்னோமே? கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் துக்கம் கொஞ்சம் அடங்கும் என்று நம்புகிறவர்கள். ஆனால் அந்தக் காரணம் எப்போதும் தாயின் உடம்புக்குள்தான் தேடப்படுகிறது. என் கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒருநாள் தன் அம்மாவிடம், "இனி இந்தப் பேச்சு நம்ம வீட்ல வேண்டாங்மா. கேக்கறதுன்னா என்னையக் கேளுங்க" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு என் காது கேட்க யாரும் கேட்கவில்லை. அவர் எனக்குச் செய்தவற்றில் முதலாவதாக நான் வைப்பது இதைத்தான். அடுத்த பல வருடங்களுக்கு வேண்டிய தெம்பில் பாதியாவது அங்கிருந்து வந்தது.

இப்படி ஒரு குழந்தையை வளர்ப்பதில் வேலை என்ன என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும். பாசம், பொறுமை என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் எதுவும் விளங்காது. சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகள் சரியாக வேலை செய்யாததால் இவளுக்குத் தானாகச் சிறுநீர் முழுக்க வெளியேறாது. தேங்கி நின்றால் கிருமி சேரும், மேலே ஏறினால் சிறுநீரகம் கெடும். ஆகவே நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் மெல்லிய டியூப் போட்டு எடுக்க வேண்டும். எங்களைப் போன்றவர்கள் சிறு குழந்தைகளுக்குப் பால் செலுத்தும் டியூபையே இதற்கு வாங்கிக்கொள்கிறோம், விலை குறைவு. மலம் கழிப்பதற்குத் தனி ஏற்பாடு. காலில் சூடு தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. ராத்திரி படுக்கும் முன் பாதத்தையும் பிட்டத்தையும் விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் பார்க்க வேண்டும், ஒரு சிவப்புத் தடம் இருந்தால் அது புண்ணாவதற்கு இரண்டு நாள் போதும். தலையில் நீர் கோத்துக்கொண்டதால் ஷன்ட் வைத்திருக்கிறது: மூளையில் சேரும் நீரைத் தோலுக்கடியில் வயிற்றுக்குக் கொண்டுபோகும் குழாய். அது அடைத்துக்கொண்டால் வாந்தி, தலைவலி, அசாதாரணத் தூக்கம். சாதாரண வயிற்றுக் கோளாறும் அப்படித்தான் தொடங்கும். எது எது என்று அந்த ராத்திரியில் முடிவு செய்யவேண்டியவர் பக்கத்தில் இருப்பவர்.

டியூப் போடும் வேலையை வீட்டிலேயே செய்ய முடிகிறது என்பதே பெரிய விஷயம். 1972-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாபிடீஸ் என்ற மருத்துவர், இதற்கு ஆபரேஷன் தியேட்டர் போலக் கிருமிநீக்கம் வேண்டியதில்லை, சோப்புப் போட்டுக் கழுவிய சுத்தமான கையும் சுத்தமான டியூபும் போதும், நேரம் தவறாமல் எடுப்பதுதான் முக்கியம் என்று எழுதினார். அன்று பலருக்கு அது நம்பமுடியாத பேச்சாக இருந்தது. அந்த ஒரு முடிவுதான் இந்த வேலையை மருத்துவமனையிலிருந்து எங்கள் குளியலறைக்குக் கொண்டுவந்தது. சோப்பு, தண்ணீர், கற்றுக்கொண்ட கை. யாருடைய கை என்று லாபிடீஸ் சொல்லவில்லை.

நம் ஊரில் அதை வார்டு தீர்மானித்துவிடுகிறது. நான் பார்த்த குழந்தைகள் வார்டுகளில் ராத்திரி தங்குவதற்கு ஒருவருக்குத்தான் அனுமதி, அதுவும் பெண்ணாக இருக்க வேண்டும். பெண்களும் பால்கொடுக்கும் தாய்மாரும் படுத்திருக்கும் இடம் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் நடப்பது என்ன? டியூப் போடக் கற்றுக்கொடுக்க நர்ஸ் வரும்போது, "அம்மா வாங்க" என்பார். மருந்தின் அளவை அம்மாவிடம் சொல்வார். ஷன்ட் அடைத்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று டாக்டர் அம்மாவிடம் விளக்குவார். அப்பா அப்போது கீழே காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் ரேஷன் கார்டு நகலோடு நின்றுகொண்டிருப்பார், அல்லது ரத்தம் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருப்பார், அல்லது மரத்தடியில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருப்பார். அவரும் ஓயவில்லை. ஆனால் பதினைந்து நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பும்போது ஒருத்திக்கு எல்லாம் தெரிகிறது, இன்னொருவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

பல குடும்பங்களில் கணவனும் மனைவியும் பிரியத் தொடங்கும் இடம் இது என்று நான் நினைக்கிறேன். வெளியே பார்த்தால் ஒழுங்கான வேலைப் பங்கீடு மாதிரி இருக்கும். அவர் சம்பாதிக்கிறார், இவள் பார்த்துக்கொள்கிறாள். நாள் போகப்போக அவருக்குக் குழந்தையைத் தொடவே பயம். அது தெரிந்துபோகக்கூடாது என்பதற்காக இன்னும் கொஞ்சம் நேரம் கடையிலோ வேலையிலோ இருந்துவிட்டு வருகிறார். இவள் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறாள். எப்போதாவது ஒருநாள் அவர் முயன்று பார்த்தால், "உங்களுக்குத் தெரியாது, விடுங்க" என்று இவளே வாங்கிக்கொள்கிறாள். அது உண்மையும்கூட, அவருக்குத் தெரியாது. சில ஆண்கள் போயே விடுகிறார்கள். போனவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. தாய் வீட்டு ஒற்றை அறையில் டியூபையும் டயாப்பரையும் வைத்துக்கொண்டு தனியே நிற்கும் பெண்களை எனக்குத் தெரியும், அவர்கள் முன்னால் அந்த வாதம் நிற்காது. ஆனால் போகாமல் வீட்டிலேயே இருந்துகொண்டு அந்நியராகிவிட்ட தகப்பன்மார் அதைவிட அதிகம். அவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியும்.

எங்கள் வீட்டில் அந்த விலகல் வராமல் தடுத்தவர் ஒரு மூத்த நர்ஸ். வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவர், "அப்பாவ மேல வரச் சொல்லுமா. ரெண்டு கை தெரிஞ்சுக்காம நான் சீட்டுல கையெழுத்து வாங்கமாட்டேன்" என்றார். என் கணவர் கோவை கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர். பம்புக்கும் மோட்டாருக்கும் உதிரி பாகம் கடைகிற கை. நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அன்று அவர் கை கழுவி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. டியூபைப் பிடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தன சென்டிமீட்டர் உள்ள போகணுங்க?" நானோ வார்டிலிருந்த வேறு தாய்மாரோ அதுவரை அப்படிக் கேட்டதில்லை. நாங்கள் 'கொஞ்சம்', 'இன்னுங் கொஞ்சம்' என்று கற்றிருந்தோம். நர்ஸ் சொன்ன அளவில் டியூபில் ஒரு சின்ன அடையாளம் வைத்துக்கொண்டார். அந்த அடையாளத்தை நானும் வைக்கத் தொடங்கினேன்.

பெண் குழந்தைக்கு அப்பன் இதைச் செய்யலாமா என்ற பேச்சு வந்தது. கேட்டவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை, பெண் குழந்தையைப் பற்றிய கவலையிலிருந்து வருகிற கேள்விதான். நாங்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: அவளுக்கு விவரம் தெரியும்வரை இருவரும், தெரிந்தபிறகு அவள் சொல்கிறபடி. ஏழெட்டு வயதில் பெரும்பாலான குழந்தைகள் தாங்களே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொள்ள முடியும். எங்கள் மகளும் கற்றுக்கொண்டாள். அதுவரைக்கும் ராத்திரி ஒரு மணிக்கான முறை அவருடையது.

அந்த ஒரு மணி எனக்கு என்னவாக இருந்தது என்பதை எழுதியே ஆகவேண்டும். மாற்றாள் இருக்கிறார் என்று தெரிந்த தூக்கமும், இல்லை என்று தெரிந்த தூக்கமும் ஒன்றில்லை. ஆறு மணி நேரம் படுத்திருந்தாலும் பின்னதில் உடம்பு காதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருக்கும். 'கவலைப்படாதே, நான் இருக்கேன்' என்று அவர் எனக்குச் சொல்லியதாக நினைவில்லை. அலாரம் அடித்ததும் எழுந்தார், வேலையைச் செய்தார், எவ்வளவு வந்தது என்று நோட்டில் எழுதிவைத்தார். காலையில் நான் அந்த எண்ணைப் பார்ப்பேன். அந்த வருடங்களில் அந்த நோட்டைவிட அன்பான எழுத்து எனக்கு வந்ததில்லை.

அதேபோல நானும் அவருடைய வேலைகளைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. காப்பீட்டு அட்டையில் எந்தச் சிகிச்சை வரும், எது வராது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எங்கே போவது, பராமரிப்பு உதவித்தொகைக்கு என்னென்ன தாள் வேண்டும். தமிழ்நாட்டில் கடும் பாதிப்புள்ளவர்களுக்கான அந்தத் தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆயிற்று. டியூப், டயாப்பர், மாத்திரை செலவுக்கு முன் அது சிறிய தொகைதான், இருந்தாலும் மாதாமாதம் வருவது. கடன் யாரிடம் எவ்வளவு என்பதையும் அவர் என்னிடம் சொல்ல ஆரம்பித்தார். அதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தது அவரை எவ்வளவு வாட்டியது என்று சொன்ன பிறகுதான் முகத்தில் தெரிந்தது.

துக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருவரும் ஒரே நாளில் உடைந்துபோக முடியாது, யாராவது ஒருவர் சோறு வைக்க வேண்டும். இது பேசி வைத்துக்கொண்டது கிடையாது, ஆனாலும் முறை மாறிமாறித்தான் வரும். அவளோடு ஒத்த வயதுக் குழந்தைகள் தெருவில் ஓடத் தொடங்கிய வருடம் என் முறை. அவள் பள்ளியில் சேர்ந்து, தரைத்தளத்தில் வகுப்பு கேட்டு அலைந்த வருடம் அவருடைய முறை. அவர் துக்கப்படும்போது பேசமாட்டார், ஞாயிற்றுக்கிழமையும் பட்டறைக்குப் போய்விடுவார். நான் அழுதால் அவருக்குக் கைகால் ஓடாது. ஒருவர் துக்கப்படும் விதத்தை இன்னொருவர் அளந்து பார்க்கக்கூடாது என்பதுதான் எங்களுக்குள் வந்த ஏற்பாடு. வாரத்தில் ஒரு சாயங்காலம் எனக்கு, ஒன்று அவருக்கு. எங்கே போனாய் என்று கேட்பதில்லை. நான் பெரும்பாலும் மருதமலை அடிவாரம்வரை பஸ்ஸில் போய்விட்டுத் திரும்பி வருவேன்.

ஒருநாள் ஷன்ட் வால்வு உருவான கதையைப் படித்து அவருக்குச் சொன்னேன். 1955-இல் அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்பவருக்கு எங்கள் மகளைப் போலவே முதுகில் பிளவோடும் தலையில் நீரோடும் ஒரு மகன் பிறந்தான். ஹோல்ட்டர் டாக்டர் இல்லை. பூட்டு செய்யும் கம்பெனியில் டெக்னீஷியன். தலையில் சேரும் நீரை வெளியே விடலாம், ஆனால் திரும்ப உள்ளே வராமல் தடுக்க நம்பகமான வால்வு அன்று இல்லை என்று தெரிந்துகொண்டு, சிலிக்கோனில் ஒன்று செய்தார். மகனுக்குச் சிகிச்சை செய்த யூஜீன் ஸ்பிட்ஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து 1956-இல் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். மகன் சில வருடங்களே வாழ்ந்தான். வால்வு உலகமெங்கும் போயிற்று. பிறகு 1960-இல் நியூயார்க்கில் எழுத்தாளர் ரோல்ட் டாலின் நாலு மாதக் குழந்தை தியோவின் தள்ளுவண்டியை டாக்சி மோதியது. தலையில் நீர் சேர்ந்தது, குழாய் வைத்தார்கள், அது திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. டால், பொம்மை விமானங்களுக்குச் சின்னஞ்சிறு எந்திரங்கள் செய்யும் ஸ்டான்லி வேட் என்பவரையும் கென்னத் டில் என்ற மூளை அறுவை மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு, அடைக்காத வால்வு ஒன்றைச் செய்ய இறங்கினார். 1962-இல் அது தயாரானபோது தியோவுக்கு அது தேவைப்படவில்லை, தேறிவிட்டான். ஆயிரக்கணக்கான வேறு குழந்தைகளுக்குப் பயன்பட்டது. மூவரும் அதில் லாபம் எடுத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள்.

என் கணவர் முழுக்கக் கேட்டுவிட்டு, ஹோல்ட்டர் என்ன மெஷினில் வேலை பார்த்தார் என்று விசாரித்தார். எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு அவர் வீட்டிலேயே சிலவற்றைச் செய்யத் தொடங்கினார். பள்ளிக் கழிவறையில் அவள் தன்னந்தனியே டியூப் போட்டுக்கொள்ள வசதியாகக் கண்ணாடி பொருத்திய ஒரு தாங்கி, சக்கர நாற்காலிக்குப் பக்கவாட்டில் டியூப் டப்பா வைக்க ஒரு கொக்கி. அதே மாதிரி வேறு இரண்டு குழந்தைகளுக்கும் செய்து கொடுத்திருக்கிறார்.

அந்தக் குழந்தைகளின் பெற்றோர் எங்களுக்கு ஓ.பி. வரிசையில் கிடைத்தவர்கள். அதே ஃபைல், அதே எக்ஸ்ரே கவர், குழந்தையின் தலையில் அதே தழும்பு. ஒருத்தி தயங்கிக் கேட்பாள்: "நீங்க எத்தன மணிக்கு ஒருக்கா எடுக்கறீங்க?" அங்கிருந்து ஆரம்பித்துவிடும். முதலிலிருந்து கதை சொல்லத் தேவையில்லாத பேச்சு அது. இந்தக் குழந்தைகளில் பலருக்கு ரப்பர் ஒத்துக்கொள்ளாது, பிறந்தநாளுக்குப் பலூன் கட்டாதீர்கள் என்று எனக்கு முதலில் சொன்னது ஒரு திருப்பூர்க்காரப் பெண். பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர். எந்தப் பள்ளியில் ஆயா உதவுவார், பஸ்ஸில் நாலு மணி நேரம் தாண்டினால் என்ன செய்வது, இதெல்லாம் இன்னொரு தாயின் நோட்டில்தான் இருக்கும்.

நாங்கள் ஒருவருக்கொருவர் செய்யக்கூடாதவையும் உண்டு. ஒரு குழந்தை நடப்பதை இன்னொரு குழந்தையின் தாயிடம் விவரிப்பது. கேரளாவில் ஒரு வைத்தியர் இருக்கிறார், நரம்பைச் சரிசெய்துவிடுவார் என்று விலாசம் கொடுப்பது. இந்த இரண்டாவதில் நான் கடுமையாகவே பேசிவிடுவேன். அப்படி நம்பி டியூபை நிறுத்திய வீடு ஒன்றை அறிவேன், அந்தக் குழந்தையின் சிறுநீரகங்கள் திரும்பி வரவில்லை.

பெற்றோரின் முயற்சி ஓ.பி. வரிசையைத் தாண்டிப் போனதும் உண்டு. சென்னையில் 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டிதான் இன்றைய வித்யா சாகர். பல குறைபாடுகளோடு வாழ்ந்த ஒரு மகனின் தாய் அவர். பின்னாளில் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்டுக்குத் தலைவராகவும் இருந்தார். 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்த அமைப்பின் நோக்கங்களில் ஒன்று, பெற்றோர் இறந்தபின் பிள்ளைகளின் பராமரிப்புக்கு வழிசெய்வது. மூளை வாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 18 வயதுக்குப் பிறகு சட்டப்படியான காப்பாளரை நியமிக்க மாவட்டந்தோறும் கலெக்டர் இருக்கும் குழு உண்டு. நாங்கள் ராத்திரிகளில் தாழ்ந்த குரலில் பேசுகிற 'நமக்கு அப்புறம்' என்ற பேச்சு, ஒரு சட்டத்தின் வரியாக நிற்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. யாரோ பெற்றோர் அதைக் கொண்டுபோய் டெல்லியில் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் மகளுக்குக் காப்பாளர் தேவைப்படாது. அவள் முடிவை அவளே எடுப்பாள், இப்போதே எடுக்கிறாள். போன மாதம் அவளுடைய சிறுநீரக ஸ்கேன் ரிப்போர்ட்டை டாக்டர் என்னைப் பார்த்து விளக்கத் தொடங்கியபோது, "டாக்டர், எங்கிட்ட சொல்லுங்க" என்றாள். அவரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவளிடமே சொன்னார். நானும் அவள் அப்பாவும் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

வார்டுகளை நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். ராத்திரி ஆண்களை உள்ளே விட முடியாது என்றால் வேண்டாம். டியூப் போடக் கற்றுத்தரும் அந்த ஒரு மணி நேரம், பகலில், கீழே நிற்கும் தகப்பனை மேலே கூப்பிடுங்கள். அறை இல்லையென்றால் திரை கட்டிக்கொள்ளலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் தாய்க்குக் கற்றுத்தரப்பட்டது என்று எழுதுகிற இடத்தில் இன்னொரு வரி சேர்த்தால் போதும்.

அது நடக்கும்வரை நாங்கள் எங்களால் முடிந்ததைச் செய்கிறோம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு இளம் தம்பதி, மூன்று மாதப் பையனோடு போன ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாய்க்கு வேலை தெரிந்திருந்தது, தகப்பன் வாசல் பக்கமே நின்றார். என் கணவர் அவரைக் குளியலறைக்கு அழைத்துப்போய்க் கை கழுவுவதிலிருந்து ஆரம்பித்தார். முதல் தடவை டியூப் தவறிற்று, இரண்டாவது தடவை சரியாக வந்தது. அந்தப் பெண் என்னோடு சமையலறையில் உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் ஒரு டம்ளர் காப்பியைக் குடித்து முடித்தாள். அடுத்த ஞாயிறும் வருகிறார்கள். தன் தம்பியையும் கூட்டிவரலாமா என்று அந்தத் தகப்பன் போனில் கேட்டார், வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆளுக்குத் தெரிந்திருந்தால் நல்லது என்று.